சுத்தம் செய்த நிலத்தில் வீடு கட்டலாமா? எதற்காகச் சுத்தம் செய்தார்கள் என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: முன்பு உலோகப் பூச்சுத் தொழிற்சாலை நடந்த இடம். மூடிய பிறகு மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்தி, சீரமைப்பு முடித்து, ‘மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை’ என்று சுற்றுச்சூழல் துறையிடம் கடிதமும் வாங்கியாகிவிட்டது. இப்போது அங்கே சரக்குக் கிடங்கு இருக்கிறது. அதை வாங்கி, கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம், மேலே குடியிருப்பு என்று கட்ட நினைக்கிறார்கள். கையில் கடிதம் இருக்கும்போது சட்டம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்பது கேட்டவரின் ஆதங்கம்.

நிற்கும். அந்தக் கடிதம் கொடுக்கப்பட்டது கிடங்குக்கு. குழந்தைகள் காப்பகத்துக்கு அதை நீட்டினால், ஒருவர் பெயரில் எடுத்த பயணச்சீட்டில் இன்னொருவர் ஏறுவது போலத்தான்.

சீரமைப்பு என்றால் துணி துவைப்பது மாதிரி என்று பலரும் எண்ணுகிறார்கள்: அழுக்குப் போய்விட்டது, இனி யாரும் உடுத்தலாம். ஆனால் மண்ணில் உள்ள நச்சை ஒன்றுவிடாமல் எடுக்கச் சொல்லும் சட்டம் இன்று அரிது. இந்த இடத்தில் யார் இருப்பார்கள், எத்தனை மணி நேரம் இருப்பார்கள், எதைத் தொடுவார்கள், எந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள் என்று ஒரு கணக்கு. அந்த ஆட்களுக்கு ஆபத்து வராத அளவுக்கு எடுத்தால் போதும். மிச்சம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும், அதுவும் சட்டத்தின் அனுமதியோடு.

ஈயத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் மண் பாதுகாப்பு விதிகளில், மனிதர் மண்ணை நேரடியாகத் தொடும் நிலைக்கு, ஒரு கிலோ மண்ணில் எவ்வளவு ஈயம் தாண்டினால் ஆய்வு செய்ய வேண்டும் என்று நான்கு எண்கள் 1999இல் வந்தன: விளையாட்டுத் திடலுக்கு 200 மில்லிகிராம், குடியிருப்புக்கு 400, பூங்காவுக்கு 1000, தொழிற்பகுதிக்கு 2000. இப்போது 900 மில்லிகிராம் ஈயம் உள்ள ஒரு மண்ணை நினைத்துப் பாருங்கள். பூங்காவாக இருக்கும்வரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. வீடு கட்டினால் விரிவான ஆய்வு வேண்டும். அதே இடத்தில் ஓர் ஊஞ்சலும் மணல்தொட்டியும் வைத்தால் வரம்பைவிட நாலரை மடங்கு. மண் மாறவே இல்லை, அதன்மேல் நிற்கும் ஆள்தான் மாறினார்.

பிரிட்டனில் 2014இல் வெளியான ஈய அளவுகள் இன்னும் சுவாரசியமானவை. வணிக இடத்துக்கு 2330 மில்லிகிராம். காய்கறி பயிரிடாத வீட்டுக்கு 310, தோட்டத்தில் காய்கறி போடும் வீட்டுக்கு 200. வெறும் காய்கறிப் பாத்திகளாகவே இருக்கும் நிலத்துக்கு 80. குடியிருக்கிற வீட்டைவிட, யாரும் தூங்காத தோட்டத்துக்குக் கடுமையான அளவு. அங்கே விளைவது வயிற்றுக்குள் போகிறது என்பதுதான் காரணம். ‘பசுமைப் பகுதி என்றால் எளிதாக அனுமதி கிடைக்குமே’ என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் அனுமானங்களைப் பார்த்தால் கிடங்குக்கும் காப்பகத்துக்கும் உள்ள தூரம் புரியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழக்கமான கணக்கில், வீட்டில் வளரும் சிறு குழந்தை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் மண்ணையும் தூசியையும் விழுங்குகிறது, வருடத்துக்கு 350 நாள் அங்கேயே இருக்கிறது என்று கொள்வார்கள். கட்டடத்துக்குள் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம், வருடத்துக்கு 250 நாள். தவழும் குழந்தை தரையில் கைவைத்து வாயில் வைக்கும், அதன் எடையும் குறைவு. உங்கள் கிடங்கின் சீரமைப்பு அறிக்கையைத் திறந்தால் அந்தக் கணக்கில் குழந்தையே இருக்காது.

பயன்பாட்டைப் பார்த்துச் சுத்தம் செய்யும் இந்த முறை ஏதோ தொழிலதிபர்களுக்காகக் கண்டுபிடித்த குறுக்குவழி என்றும் சொல்லிவிட முடியாது. நெதர்லாந்து எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. 1980இல் லெக்கர்கெர்க் என்ற ஊரில் புதுக் குடியிருப்பின் அடியில் இரசாயனக் கழிவுப் பீப்பாய்கள் புதைந்திருப்பது தெரிந்து, சுமார் 270 குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்த அதிர்ச்சியில் 1983இல் மண் சீரமைப்புக்கென்று இடைக்காலச் சட்டம் வந்தது. நிலத்தை எந்தப் பயன்பாட்டுக்கும் ஏற்றதாக, முழுமையாக மீட்க வேண்டும் என்பது அன்றைய கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. செலவு தாங்கவில்லை. பணம் இல்லாததால் சீரமைப்பு தேங்கியது, அதனால் கட்டுமானமும் தேங்கியது. 1990களின் பிற்பகுதியில் அவர்களும் ‘எந்தப் பயன்பாட்டுக்கோ அதற்கேற்ற சுத்தம்’ என்ற வழிக்குத் திரும்பினார்கள். இதற்கு ஒரு விலை உண்டு: பயன்பாடு மாறும் ஒவ்வொரு முறையும் கோப்பைத் திரும்பத் திறந்தாக வேண்டும்.

யார் திறப்பது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. பெரும்பாலான இடங்களில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று நகரமைப்புத் துறை, மற்றொன்று சுற்றுச்சூழல் துறை. ஒன்று திறந்தால் மற்றது தானாகத் திறக்காது. நகரமைப்பு வரைபடத்தில் ‘குடியிருப்பு’ என்று நிறம் மாறிவிட்டதாலேயே மண்ணுக்கும் அனுமதி கிடைத்ததாக எண்ணுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இந்தியாவிலும் இதே பிரிவினைதான்: மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து சீரமைப்பதற்கான விதிகள் 2025இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தன, நிலப் பயன்பாட்டு மாற்றமோ மாநிலங்களின் நகரமைப்புச் சட்டங்களின் கையில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் ‘ஏ’ பகுதி, நிலத்தின் தற்போதைய பயன்பாட்டை வைத்துத்தான் அது மாசுபட்டதா என்று முடிவு செய்கிறது. கிடங்காக இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அது மாசுபட்ட நிலமே இல்லாமல் இருக்கலாம். பயன்பாட்டை மாற்ற விண்ணப்பித்த கணத்தில் விஷயம் நகரமைப்பு அனுமதிக்குள் வந்துவிடும். கட்டுபவரோ நில உரிமையாளரோதான் இடம் பாதுகாப்பானது என்று உறுதிசெய்ய வேண்டும். வேலை முடிந்தபின் அந்த நிலம் மேற்சொன்ன பகுதியின்கீழ் மாசுபட்டதாக அறிவிக்கும் நிலையில் இருக்கக்கூடாது என்பது தேசியக் கொள்கை. ஜெர்மன் சட்டம் இன்னும் நேரடி: நகரமைப்புச் சட்டப்படி அந்த மனையில் எந்தப் பயன்பாடு அனுமதிக்கப்படுகிறதோ அதுவே சீரமைப்பின் அளவுகோல்.

எனக்குப் பிடித்தது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஏற்பாடு. அங்கே பயன்பாடுகளை வரிசைப்படுத்தி, தொழில், வணிகம் போன்றவற்றிலிருந்து குடியிருப்பு, பூங்கா, கல்வி நிலையம், வேளாண்மை போன்ற, ஆட்கள் எளிதில் பாதிக்கப்படக்கூடிய நுட்பமான பயன்பாட்டுக்குப் போவதென்றால் ‘நில நிலைமைப் பதிவு’ ஒன்றைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தகுதி பெற்ற பொறியாளரோ நிலவியலாளரோ ஆய்வு செய்து கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் கட்டட அனுமதி கிடையாது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஒரு சங்கிலி கட்டிவிட்டார்கள். ஒரு துறை மற்றதைக் கேட்க மறந்துபோக வழியில்லை. எதிர்த்திசையில், வீட்டிலிருந்து கிடங்குக்கு மாறினால் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. சாய்வு ஒரு பக்கம்தான்.

அந்தச் சங்கிலி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் திட்டத்தோடு அப்படியே பொருந்தும் ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பாதரச வெப்பமானி செய்த ஒரு தொழிற்சாலைக் கட்டடம், நிறுவனம் நொடித்த பிறகு கைமாறி, ‘கிடீ காலேஜ்’ என்ற குழந்தைகள் காப்பகமாக மாறியது. 2006இல் உள்ளே பாதரச ஆவி இருப்பது தெரிந்து மூடினார்கள். பழைய தொழிற்சாலை என்பது அரசுக் கோப்புகளில் இருந்தது. காப்பகத்துக்கான அனுமதியும் முறைப்படிதான் கிடைத்தது. இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மாநிலம், முன்பு தொழில் நடந்த இடங்களில் காப்பகமோ பள்ளியோ தொடங்குவதற்கு முன் சுற்றுச்சூழல் தகுதியைக் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது.

இனி உங்கள் பத்திரத்துக்கு வருவோம். மிச்சம் வைத்துவிட்டுப் போகும் சீரமைப்பில், அந்த மிச்சத்தை அடுத்தவருக்கு யார் சொல்வது? கிரயப் பத்திரத்தில் எழுதி வைப்பதுதான் பழைய வழி. அதன் பலவீனத்தை உலகத்துக்குக் காட்டியது லவ் கெனால். நயாகரா ஃபால்ஸ் நகரில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவைப் பழைய கால்வாய்க் குழியில் கொட்டி, களிமண்ணால் மூடி, 1953இல் அந்த இடத்தை நகரப் பள்ளி வாரியத்துக்கு 1 டாலருக்கு எழுதிக்கொடுத்தது. இரசாயனக் கழிவு புதைந்திருக்கிறது, பின்னால் எங்களைக் கேட்கக்கூடாது என்று பத்திரத்திலேயே ஒரு வாசகம் இருந்தது. ஆனாலும் பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. சாலையும் கழிவுநீர்க் குழாயும் போட்டபோது மூடியிருந்த களிமண் உடைந்தது. 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் அங்கே நெருக்கடி நிலை அறிவித்தார். மாசுபட்ட இடங்களைச் சீரமைக்க 1980இல் வந்த ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டத்துக்குப் பின்னால் இருந்த முக்கியக் காரணங்களில் அது ஒன்று. அந்த வாசகம் விற்றவரைக் காப்பாற்ற எழுதியது. மண்ணை யாரும் தோண்டாமல் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. கண்காணிக்க ஆளும் இல்லை.

அதனால் இன்றைய கட்டுப்பாடுகள் வேறு மாதிரி எழுதப்படுகின்றன. அமெரிக்காவில் 2003இல் உருவான மாதிரிச் சட்டம் ஒன்றைப் பல மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. அதன்படி சுற்றுச்சூழல் உடன்படிக்கை (நிலத்தை எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவைக்கும் ஒப்பந்தம்) நிலத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த உரிமையாளர்களைக் கட்டுப்படுத்தும். வரிபாக்கிக்காக நிலம் ஏலத்துக்குப் போனாலும் அழியாது. நிலத்தில் எந்தப் பங்கும் இல்லாத சுற்றுச்சூழல் துறை நேரடியாக வழக்குப் போடலாம். பழைய சொத்துரிமைச் சட்டத்தில் இந்த மூன்றுமே சந்தேகத்துக்கு இடமாக இருந்தவை.

அப்படி ஓர் உடன்படிக்கையில் வழக்கமாக இருப்பவை: குடியிருப்பு, பள்ளி, காப்பகம், மருத்துவமனை கூடாது, நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது, குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே அனுமதியின்றித் தோண்டக் கூடாது, மேலே போட்ட கான்கிரீட் தளத்தையோ மண் மூடியையோ சிதைக்கக் கூடாது, கண்காணிப்புக் கிணறுகளுக்கு அதிகாரிகள் வந்துபோக வழிவிட வேண்டும். கடைசியாக, விற்கும்போது துறைக்கு அறிவிக்க வேண்டும்.

காகிதத்தில் உள்ள இந்த ஆழக் கட்டுப்பாடு களத்தில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். பல இடங்களில் மாசுபட்ட மண்ணுக்கு மேலே பளிச்சென்ற ஆரஞ்சு நிற வலையை விரித்து, அதன்மேல் சுத்தமான மண்ணைக் கொட்டி நிரவுவார்கள். வேலி நடவோ குழாய் பதிக்கவோ பொக்லைன் இறங்கும்போது, வாளியின் பற்களில் அந்த ஆரஞ்சு நூல்கள் சிக்கிக்கொண்டு வரும். அதற்குக் கீழே இருப்பது வேறு மண், நிறுத்து என்று அர்த்தம். அந்த வலைக்கு என்ன பொருள் என்று ஓட்டுநருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதைப் பழைய சாக்கு என்று நினைத்து உதறிவிட்டுத் தொடர்ந்து தோண்டுவார். அடித்தள வாகன நிறுத்தம், நீச்சல் குளம், ஆழமாக வேர் விடும் மரம் எல்லாமே இந்த வகையில் ‘பயன்பாட்டு மாற்றம்’தான், கட்டடத்தின் பெயர்ப்பலகை மாறாவிட்டாலும்.

டோக்கியோவின் டொயோசு சந்தை விவகாரம் இதே ரகம். எரிவாயு ஆலை இருந்த இடத்துக்கு ட்சுகிஜி மீன் சந்தையை மாற்ற முடிவானது. மண்ணைச் சீரமைத்து, மேலே சுத்தமான மண்ணை நிரப்பி, அதன்மேல் கட்டுவது என்பது திட்டம். 2016இல் பார்த்தால் பிரதானக் கட்டடங்களின் அடியில் அந்த மண்ணே இல்லை, வெற்று நிலவறைதான் இருந்தது. 2017 ஜனவரியில் நிலத்தடி நீரில் பென்சீன் அனுமதித்த அளவைப்போல் 79 மடங்கு இருப்பதாக அளவீடு வந்தது. 2016 நவம்பரில் திறக்க வேண்டிய சந்தை 2018 அக்டோபர் 11 அன்றுதான் திறந்தது. அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கப்போவதில்லை என்று நிபுணர்கள் சொன்னது தர்க்கப்படி சரிதான். ஆனால் அனுமதி வாங்கிய வரைபடம் ஒன்று, கட்டியது இன்னொன்று என்று ஆனபின் அந்தத் தர்க்கம் யார் காதில் ஏறும்?

பணம் யார் கொடுப்பது? மாசுபடுத்தியவர்தானே கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். முதல் சீரமைப்புக்கு அதுதான் நியாயம். இரண்டாவது சீரமைப்பு தேவைப்படுவது உங்கள் திட்டத்தால். இங்கிலாந்துச் சட்டத்தின் பொறுப்புப் பகிர்வு வழிகாட்டலில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: பின்னால் வந்த ஒருவர் நச்சு ஆளை வந்தடையும் புதிய பாதையையோ பாதிக்கப்படக்கூடிய புதிய ஆட்களையோ கொண்டுவந்ததால்தான் நிலம் ஆபத்தானது என்றால், சில நிலைகளில் முதலில் மாசுபடுத்தியவர் விலகிக்கொள்ளலாம். விவரமெல்லாம் தெரிந்துதான் வாங்கினார், அதற்கேற்ற விலைக்குத்தான் வாங்கினார் என்று காட்டினால் விற்றவரும் விலகலாம். அமெரிக்காவில் சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் நல்லெண்ணத்தோடு வாங்குபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் வாங்கும் முன் முறையான விசாரணை செய்திருக்க வேண்டும், நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளை மீறாமல் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டை மீறிக் காப்பகம் கட்டினால், கட்டுப்பாட்டோடு சேர்ந்து அந்தப் பாதுகாப்பும் உடைகிறது. விலை மலிவாக இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

கடிதத்தின் ஆயுளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயன்பாடே மாறாவிட்டாலும் அது கல்வெட்டு கிடையாது. சூப்பர்ஃபண்ட் இடங்களில், கட்டுப்பாடின்றிப் பயன்படுத்த முடியாத அளவுக்கு மிச்சம் வைத்திருந்தால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மறுஆய்வு கட்டாயம். அளவுகோலும் மாறும். வீட்டு மண்ணில் ஈயத்துக்கு 400 மில்லிகிராம் என்று பல ஆண்டுகள் இருந்த அமெரிக்க வழிகாட்டு அளவு 2024 ஜனவரியில் 200 ஆனது. அன்று ‘குடியிருப்புக்கு ஏற்றது’ என்று 350க்குச் சுத்தம் செய்த நிலம் இன்று அந்தச் சோதனையில் தேறாது.

உங்கள் இடம் உலோகப் பூச்சு என்பதால் எனக்குக் கூடுதல் கவலை ஒன்று உண்டு. குரோமியத்தை எல்லோரும் சோதிப்பார்கள். உலோகத்தில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களை அந்தத் தொழிலில் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவை மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் இறங்கி, ஆவியாகி, தளத்தின் விரிசல் வழியே கட்டடத்துக்குள் ஏறும். இந்த ஆவி ஊடுருவலுக்கு அமெரிக்க முகமையின் இறுதி வழிகாட்டல் 2015இல்தான் வந்தது. உங்கள் அறிக்கை அதற்கு முந்தையதென்றால் மண் ஆவியைச் சோதித்திருக்கவே மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கதவுகள் நாள் முழுக்கத் திறந்திருக்கும் கிடங்கில் அது கலைந்துபோகும். சாத்திய சன்னல்களுக்குள் குழந்தைகள் தூங்கும் கீழ்த்தள அறையில் தேங்கும்.

சரி, அப்படியானால் முடியவே முடியாதா? முடியும். சியாட்டிலில் 1956இல் மூடிய எரிவாயு ஆலை 1975இல் பூங்காவாகி, இன்றும் மக்கள் பட்டம் விடுகிறார்கள். கரையோரப் படிவுகள் சுத்தமாகாததால் அங்கே ஏரியில் மட்டும் இறங்கக் கூடாது. அப்படி எல்லைகளை ஒப்புக்கொண்டு திட்டமிட்டால் பல இடங்கள் தேறும்.

முதலில் கடிதத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடிப்படையான நிறைவு அறிக்கையையும் இடர் மதிப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள். ‘உத்தேசப் பயன்பாடு’ என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது, எந்த ஆழம் வரை மண் எடுத்தார்கள், அடியிலும் பக்கச் சுவர்களிலும் எடுத்த கடைசி மாதிரிகளின் எண் என்ன என்று பாருங்கள். அந்த எண்கள் குடியிருப்பு அளவுக்குள்ளேயே இருந்தால் (சில நேரம் இருக்கும், பொக்லைன் ஓட்டுநர் தாராளமாகத் தோண்டியிருப்பார்) பாதி வேலை முடிந்தது. பத்திரத்திலும் பதிவேட்டிலும் உள்ள கட்டுப்பாடுகளை ஒரு வழக்கறிஞர் தனியாகப் பார்க்கட்டும். கட்டுப்பாட்டைத் தளர்த்தவோ நீக்கவோ சுற்றுச்சூழல் துறையிடம் விண்ணப்பிப்பதை நகரமைப்பு விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்குங்கள். அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பழைய நிறுவனத்தின் சம்மதமும் தேவைப்படலாம். பலருக்கும் இது கடைசி மாதத்தில்தான் தெரியவருகிறது. தன் சீரமைப்புக் கணக்கை முடித்துவிட்ட அந்த நிறுவனம் சம்மதிக்க அவசரப்படாது.

கீழ்த்தளத்தில் வாகன நிறுத்தம், தளத்துக்கு அடியில் ஆவி தடுப்புப் படலம், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாயும் விசிறியும், அதற்கு மேல் வீடுகள் என்ற வடிவமைப்பைப் பல அதிகாரிகள் ஏற்பார்கள். ஆனால் வீடுகளை விற்றபின் அந்த விசிறியைப் பராமரிக்கும் கடமை குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழும். அதற்கான நிதியையும் பொறுப்பையும் முன்கூட்டியே எழுதாத திட்டத்தை நான் நம்பமாட்டேன். காப்பகத்தை அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைக்கும் யோசனையை என்னைக் கேட்டால் கைவிடச் சொல்வேன். கலப்புப் பயன்பாட்டில் மிக நுட்பமான பயன்பாடுதான் பொதுவாக மொத்த மனைக்கும் அளவுகோலாகிறது. ஓர் அறைக் காப்பகத்துக்காக முழு இடத்தையும் மறுபடி தோண்ட வேண்டி வரலாம்.

விலை பேசும்போது, கிடங்குக்கான கடிதத்தை ஆதாரமாகக் காட்டிக் குடியிருப்பு நிலத்தின் விலையைக் கேட்பார்கள். புதிய பயன்பாட்டுக்குச் சுற்றுச்சூழல் துறையின் எழுத்துமூல ஒப்புதல் கிடைத்தால்தான் கிரயம், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதற்கு விற்பவர் மறுத்தால், மண்ணில் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.